தோம்பும் லயமும்: தா. சனாதனனின் கலையில் இழந்த வீடு

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் இலங்கையில் நிலவுடைமையைப் பதிந்த ஏடு தோம்பு எனப்பட்டது. யாழ்ப்பாண ஓவியரும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவருமான தா. சனாதனன் (பி. 1969) அச்சொல்லையே தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். 2011இல் வெளிவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (முற்றுப்பெறாத தோம்பு), போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரின் வீடுகளைப் பதிவு செய்கின்றது.

அவர்கள் தத்தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தாமே வரைந்தனர். அதனைக் கட்டடக் கலைஞர் முறையான வரைபடமாக்கினார். மூன்றாவதாகச் சனாதனனின் ஓவியம் அமைந்தது. கையால் இழுத்த கோணல் கோடும் அளவுகோலின் நேர்கோடும் அடுத்தடுத்து நிற்கும்போது, பத்திரம் எதனைப் பதியும், எதனைப் பதியாது என்பது விளங்கும். யாழ்ப்பாணத்தில் வீடென்பது சுவர் மட்டுமன்று. கிணறும் வேலியும் பனையும் சேர்ந்ததே வளவு.

1948இல் லித்தா நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட பாலத்தீன ஓவியர் இஸ்மாயில் ஷம்மூட் 1953இல் ‘எங்கே?’ எனும் ஓவியத்தைத் தீட்டினார். ஒரு முதியவர், தோளில் உறங்கும் குழந்தை, கையில் மற்றொன்று, பின்னால் இன்னொன்று. ஆங்கே மனிதர் உளர், வீடு இல்லை. சனாதனனின் தரைப்படங்களிலோ வீடு உண்டு, மனிதர் இல்லை. பின்னதே நெஞ்சை நெடுநேரம் வருத்துவது என்பது என் கருத்து.

பேராக் மாநிலத்தார்க்கு யாழ்ப்பாணம் அயலன்று. தைப்பிங், ஈப்போ வட்டாரங்களில் இரயில்வே எழுத்தர்களாகவும் தோட்டக் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத்தார் பலர் பணியாற்றினர். எனினும் இங்குப் பால்மரம் வெட்டிய தமிழர் இழந்த வீட்டிற்குத் தோம்பே இருந்ததில்லை. லயம் தோட்டத்திற்கு உரியது. வேலை போயின் வீடும் போயிற்று. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் எல்லைக்கு வெளியே நின்ற தோட்டங்கள் பல. செம்பனையும் வீடமைப்பும் வந்தபின் அவற்றின் லயங்கள் தரைமட்டமாயின.

சனாதனனின் முறையை ஈண்டுப் பொருத்தினால் ஒன்று புலப்படும். ஒரு வரிசை லயத்திற்குக் கட்டடக் கலைஞர் வரையும் படம் எல்லா வீட்டிற்கும் ஒன்றே. மாட்டுக்கொட்டகை எப்பக்கம், கீரைப்பாத்தி எவருடையது, முனியாண்டி கோயிலுக்கு ஒற்றையடிப்பாதை எங்கே பிரிந்தது என்பனவற்றை அங்கு வாழ்ந்த முதியவரின் கையே வரைய முடியும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்று இன்று ஆசிரியராய் உள்ளோர் பலரின் வீட்டிலேயே அத்தகைய முதியவர் இருக்கக்கூடும். தேவைப்படுவது ஒரு தாளும் எழுதுகோலுமே.