பெட்டி இருக்கிறது, திரையும் இருக்கிறது

டி.வி. இல்லாத அறையில் செட்-டாப் பாக்ஸைக் கம்ப்யூட்டர் மானிட்டருடன் சேர்க்க முயல்பவர்கள் முதலில் குறை சொல்வது ஒயரை. தடை இருப்பதோ வேறு இடத்தில்.

புனேயின் புத்வார் பேட்டில் தக்டுசேட் கணபதியைக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்தால் தப்கீர் கல்லி. நகரத்தின் மின்சார, எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கான சந்தை இது. கடை வாசல்களில் ஒயர்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஒரு முனையைப் பார்த்து இன்னொரு முனையைச் சொன்னால் போதும், அதற்கான ஒயரைக் கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹிஞ்சவடி மென்பொருள் பூங்காவில் வேலை, ஒற்றை அறையில் வாடகை வாசம் என்று புனேயில் காலம் தள்ளும் தமிழ் இளைஞர்கள் பலருடைய மேஜையில் மானிட்டர் உண்டு, டி.வி. கிடையாது. ஊரிலிருந்து அம்மா இரண்டு மாதம் தங்க வருகிறார். மராத்தி தெரியாது, இந்தி அரைகுறை. பகல் முழுவதும் பூட்டிய கதவுக்குள் அவருக்குத் துணை தமிழ் சீரியல்தான். இரண்டு மாதத்துக்காகப் புது டி.வி. வாங்குவதா? செட்-டாப் பாக்ஸ் எப்படியாவது கிடைத்துவிடும். மானிட்டர் சும்மாதானே இருக்கிறது, ஒரு ஒயரைச் சொருகினால் ஆயிற்று என்று தோன்றுவது இயற்கை. சொருகினால் திரை கறுப்பாகவே நிற்கிறது.

டி.வி.யும் கம்ப்யூட்டரும் ஒரு காலத்தில் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டவை. 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குச் சொந்தமாகத் திரை கிடையாது, வரவேற்பறை டி.வி.யின் பின்புறம் ஒயரைச் சொருகி வேலையை நடத்திக்கொண்டன. அன்று கம்ப்யூட்டர் டி.வி.யிடம் திரையை இரவல் கேட்டது, இன்று டி.வி.யின் பெட்டி கம்ப்யூட்டரிடம் கேட்கிறது.

இரண்டும் பிரிந்ததற்குக் காரணம் எழுத்து. இந்தியாவில் பின்பற்றப்பட்ட பழைய டி.வி. முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆக, நொடிக்கு 15,625 கோடுகள். அதிலும் முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள் என்று பாதிப் பாதியாகத்தான் படம் வரும். தூரத்தில் உட்கார்ந்து சினிமா பார்க்கிறவருக்கு இது போதும். ஓரடி தூரத்தில் பொடி எழுத்தைப் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறை இந்த வேகத்தை நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளாக உயர்த்தியது. ஒவ்வொரு படத்தையும் முழுதாக வரைந்தது. அன்றிலிருந்து இருவர் மொழியும் வேறு வேறு.

செட்-டாப் பாக்ஸ் வராதவரை இந்தப் பிரிவு யாரையும் உறுத்தவில்லை. நாட்டிலேயே முதலாக 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு இந்தப் பெட்டி கட்டாயமானது. பிறகு கேபிள் டி.வி. சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுவதற்கும் கெடு வைத்தது. புனேக்கு விதிக்கப்பட்ட நாள் 2013 மார்ச் 31. கோயம்புத்தூரும் அதே பட்டியலில்தான் இருந்தது. அதன் பின் கேபிள் ஒயரை நேராக டி.வி.யில் சொருகும் காலம் முடிந்தது. சேனலைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பெட்டியே எடுத்துக்கொண்டதால், மிச்சமிருந்த தேவை வெறும் ஒரு திரை மட்டுமே. 'மானிட்டர் போதாதா?' என்ற கேள்வி அப்போதுதான் அர்த்தம் பெற்றது.

போதும். ஆனால் பெட்டிக்கும் மானிட்டருக்கும் நடுவே மூன்று தடைகள்: வடிவம், மொழி, அனுமதி.

வடிவம் சுலபமானது. ஒரு முனை பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற முனையை வாங்கலாம். பெட்டியில் ஹெச்.டி.எம்.ஐ. துளை, மானிட்டரில் டி.வி.ஐ. துளை என்றால் சாதாரண அடாப்டரே போதும். இரண்டும் படத்தை ஒரே முறையில்தான் அனுப்புகின்றன.

மொழி அப்படியல்ல. பழைய பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள்தான் இருக்கும். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் ஒலி. நிறம், வெளிச்சம், கோடுகளின் தாளம் எல்லாம் அந்த ஒரே மஞ்சள் ஒயரில் கலந்து வருகின்றன. வி.ஜி.ஏ. மானிட்டரோ சிவப்பு, பச்சை, நீலம், தாளத்துக்கு இரண்டு என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதுவும் இருமடங்கு வேகத்தில். ஒரு பக்கம் மூவர்ண முனைகளும் மறுபக்கம் வி.ஜி.ஏ. முனையும் கொண்ட மலிவான ஒயர்கள் கடைகளில் உண்டு. அவை மொழிபெயர்ப்பதில்லை. இந்தியில் பேசுகிறவரின் குரலைக் குழாய் வைத்துக் கொண்டுவந்தால் கேட்பவருக்கு அது தமிழாகிவிடாது. இதற்குத் தேவை, உள்ளே மின்சுற்று உள்ள கன்வெர்ட்டர் அல்லது ஒரு காலத்தில் பரவலாக விற்ற டி.வி. ட்யூனர் பெட்டி. ஹெச்.டி.எம்.ஐ. பெட்டியை வி.ஜி.ஏ. மானிட்டருடன் இணைக்கவும் கன்வெர்ட்டர்தான் வேண்டும். அதற்கும் திசை உண்டு: வி.ஜி.ஏ.யிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது தலைகீழாக வேலை செய்யாது. லேப்டாப்பில் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதே என்று பெட்டியை அதில் சொருகுகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். அது பொதுவாகப் படத்தை வெளியே அனுப்பும் வாசல், உள்ளே வாங்குவதில்லை.

மூன்றாவது தடை கண்ணுக்கே தெரியாது. திருட்டுப் பதிவைத் தடுக்க இன்டெல் நிறுவனம் உருவாக்கிய ஹெச்.டி.சி.பி. என்ற பூட்டு ஹெச்.டி.எம்.ஐ. வழியே வரும் படத்துக்குப் போடப்படலாம். பெட்டி முதலில் திரையிடம் அடையாளம் கேட்கும். சரியான பதில் வந்தால்தான் படம். பழைய டி.வி.ஐ. மானிட்டர்கள் சிலவற்றுக்கு இந்தப் பதில் தெரியாது. ஒயர் சரி, மொழி சரி, ஆனாலும் இருட்டு. சந்தாவை ஒழுங்காகக் கட்டியவருக்கும் இதே கதிதான். திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திவிடுகிறது.

படம் வந்தாலும் சத்தம் வராமல் போகலாம். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. பெட்டியின் வெள்ளை, சிவப்புத் துளைகளிலிருந்து ஓர் ஒயரைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோனால் அது தீர்ந்தது. இன்னொரு சில்லறைத் தொல்லை: நம் ஊர் பெட்டிகள் பெரும்பாலும் நொடிக்கு 50 என்ற கணக்கில் படம் அனுப்புகின்றன. 60க்குப் பழகிய சில மானிட்டர்கள் அதை ஏற்பதில்லை. முகங்கள் அகலமாகத் தெரிந்தால் மட்டும் கவலை வேண்டாம்; பெட்டியின் அமைப்புப் பகுதியில் திரை அளவை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆகவே தப்கீர் கல்லிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறவர் 'இந்த முனைக்கு அந்த முனை கொடுங்கள்' என்று கேட்பதில் பயனில்லை. பெட்டி, மானிட்டர் இரண்டின் பின்புறத்தையும் படம் எடுத்துக்கொண்டு போய், எதிலிருந்து எதற்கு என்று திசையோடு சொல்ல வேண்டும். முடிந்தால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய், கடையில் ஒரு திரையில் படம் வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது. வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மூன்றாவது தடையில் மாட்டிக்கொண்டால் நண்பரிடம் புதிய மானிட்டரை இரண்டு மாதத்துக்கு இரவல் கேட்பதே மலிவு.

இவ்வளவும் ஒத்துவந்தால் மாலை ஏழு மணிக்கு மகன் அலுவலகத்திலிருந்து வரும்போது அவனுடைய மேஜையில் அவனுக்கு இடம் இருக்காது. மானிட்டரில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்.