சீரோ வாட் பல்பைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓர் அஞ்சலகம்

பழைய வீடுகளில் இரவு முழுக்க எரிந்த சீரோ வாட் பல்பு நினைவிருக்கிறதா? பெயரில்தான் சீரோ; உண்மையில் பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும். அதில் பாதி மின்சாரம் போதும், ஒரு குடும்பத்தின் மின்னஞ்சல் அத்தனையையும் வாங்கி, வடிகட்டி, பத்திரப்படுத்தும் சர்வரை வீட்டு அலமாரியிலேயே ஓட்டிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு நாளில் 200 அஞ்சல்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்கு ஒன்று. ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினியின் செயலி நொடிக்கு 150 கோடி முறை துடிக்கிறது. ஓர் அஞ்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அறுபதாயிரம் கோடித் துடிப்புகள்! பெரும்பாலும் அது காத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 50 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி வருடத்துக்கு 438 யூனிட் கேட்கும். 5 வாட் இழுக்கும் ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகைக் கணினிக்கு 44 யூனிட் போதும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஓர் அழகான பிறப்புக் கதை உண்டு. 1985 ஏப்ரல் 26. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தார் தங்கள் முதல் ஆர்ம் செயலியைச் சோதித்தார்கள். சில்லு ஒழுங்காக வேலை செய்தது. ஆனால், மின்னோட்டத்தை அளந்த ஏகார்ன் பொறியாளர் ஸ்டீவ் ஃபர்பருக்கு மீட்டர் காட்டியது பூஜ்யம். தேடிப் பார்த்தால், சில்லுக்கான மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை! மற்ற சுற்றுகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. ராஸ்பெரி பையின் செயலி அந்த வம்சம்தான்.

மின்வெட்டு வந்தால்? இங்கேதான் மின்னஞ்சலை வடிவமைத்தவர்களின் முன்யோசனை வியக்க வைக்கிறது. உங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால், அனுப்பிய சர்வர் அஞ்சலைத் தூக்கி எறிவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு, நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்ட வேண்டும் என்பது பொது நெறி. அரை நாள் மின்சாரம் இல்லாமல் போனாலும் கடிதம் தாமதமாகுமே தவிர, தொலையாது.

அதே நெறியில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. அஞ்சல் கைக்கு வந்ததும் உங்கள் சர்வர் '250' என்ற எண்ணைத் திருப்பிச் சொல்லும். 'இனி இது என் பொறுப்பு' என்று அதற்குப் பொருள். அந்த வாக்கைக் காப்பாற்ற, நல்ல மென்பொருள் அஞ்சலை முதலில் சேமிப்பகத்தில் எழுதிவிட்டுத்தான் 250 சொல்லும். அதனால் இந்தக் கணினியில் அதிகம் உழைப்பது செயலி அல்ல, சேமிப்பகம்.

ராஸ்பெரி பையில் வழக்கமாகச் செருகும் எஸ்டி அட்டை இதற்குத் தாங்காது. அது ஃபிளாஷ் நினைவகம்; அதில் ஒரு வரியை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு சொல்லைத் திருத்தக் கரும்பலகை முழுவதையும் துடைப்பதுபோல, பெரிய கட்டம் ஒன்றை மொத்தமாக அழிக்க வேண்டும். ஒவ்வொரு அழிப்பும் கட்டத்தைக் கொஞ்சம் தேய்க்கிறது. எஸ்எஸ்டி என்ற சேமிப்பகமும் ஃபிளாஷ்தான். ஆனால், அதற்குள் ஒரு குட்டிக் கட்டுப்படுத்தி உட்கார்ந்து, காரின் டயர்களை இடம் மாற்றிப் போடுவதுபோல் எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். தேய்மானம் பரவலாகும், ஆயுள் நீளும். எஸ்டி அட்டைகளில் இந்த ஏற்பாடு மிக எளிமையானது.

ரேம் நினைவகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடி மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும். 4 ஜிபி பலகை நிம்மதி. பணத்தை வேகமான செயலியில் கொட்டாமல் நல்ல எஸ்எஸ்டியிலும் ஒரு சிறு யுபிஎஸ்ஸிலும் போடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 25-ஆம் எண் வாசலைப் பல இணையச் சேவையாளர்கள் வீட்டு இணைப்புகளில் மூடி வைத்திருப்பார்கள். எதையும் வாங்குவதற்கு முன், அந்த வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.