பழைய காரை உயர்த்துவோர் கவனத்திற்கு

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் கார், யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடக் காண்கிறோம். அதன் கியர்ப் பெட்டியை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பழுதுபார்க்க விரும்புவோர் உளர். விருப்பம் நன்றே. ஆயினும், ஏறக்குறைய முக்கால் தொன் பாரத்தின் கீழே படுக்கப் போகிறோம் என்பதை அவர்கள் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஜக்கு பாரந் தூக்கும் விதத்தை மாணவர் அறிவர். பஸ்காலின் விதிப்படி, அடைபட்ட எண்ணெயில் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எங்கும் சமமாகப் பரவும். பெரிய முசலத்தின் பரப்பு சிறியதைப்போல் 20 மடங்காயின், விசையும் 20 மடங்காகும். ஆனால் அவ்வெண்ணெயைக் காத்து நிற்பது ஒரு சிறு வளையமே. அது தேய்ந்து எண்ணெய் கசிந்தால் கார் இறங்கிவிடும். ஆகவே ஜக்கு தூக்குவதற்கே, தாங்குவதற்கன்று. தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகளே வேண்டும். சீமெந்துக் கற்கள் முன்னறிவிப்பின்றி வெடித்து நொறுங்குவன, அவற்றை நம்பலாகாது.

நிலம் சமமாயும் இறுக்கமாயும் இருத்தல் அவசியம். மண் முற்றமாயின் தாங்கிகளின் கீழே தடித்த பலகை இடுக. கைத்தடை பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தை உயர்த்தினால் அதனாற் பயனில்லை. காரைக் கியரில் விட்டாற் போதுமென்பாரும் உண்டு. கியர்ப் பெட்டியிலிருந்து பின்னே செல்லும் தண்டைக் கழற்றியதும் அந்தப் பிடியும் போய்விடும். எனவே நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தல் வேண்டும்.

இக்காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தகட்டு உடலே பாரத்தைச் சுமக்கிறது. கதவுகளின் கீழே ஜக்குப் பொருத்தும் இடங்கள் துருவினால் உக்கிப்போவது வழக்கம். உறுதியான பாகத்தைத் தட்டிப் பார்த்துத் தெரிந்து, அங்கேயே தாங்கியை நிறுத்துக. பின்னர் காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மீண்டும் தொடங்குங்கள். கழற்றிய சில்லொன்றை உடலின் கீழே கிடத்தி வைப்பது மேலதிகக் காவலாகும்.

கியர்ப் பெட்டியோடு எஞ்சினின் பின்தாங்கலும் நீங்குமாதலால், எஞ்சினுக்குத் தனியே முட்டுக் கொடுத்தல் வேண்டும். பெட்டியை இறக்க இருவர் தேவை. சிறுவரை அருகில் அண்ட விடாதீர்கள். எவருமில்லாத வேளையில் காரின் கீழே செல்லாதீர்கள்.

பழுதான கியரை மாற்றலாம்; போன உயிரை மீட்டல் இயலாது. கால்மணி நேர ஆயத்தம் அதற்கு முன் பெரிதன்று.