கரண்ட் பில்லுக்கும் ஒரு விசாரணை உண்டு

2024 டிசம்பரில் இலங்கை மின்சார சபை ஒரு முன்மொழிவைக் கையளித்தது. அடுத்த ஆறு மாதத்துக்கு மின்கட்டணத்தில் மாற்றம் வேண்டாம், இருக்கிற கட்டணமே தொடரட்டும் என்பது அதன் சாரம். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை வாங்கிக் கணக்கைச் சரிபார்த்தது. மாகாணம் மாகாணமாக மக்கள் கருத்தையும் கேட்டது. 2025 ஜனவரி 17 அன்று அது அறிவித்த முடிவு சபைக்கு உவப்பானதல்ல: கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைக்க வேண்டும்.

அதே ஆண்டு சபை மறுபடி வந்தது. இம்முறை கேட்டது 18.3 சதவீத உயர்வு. ஜூனில் ஆணைக்குழு கொடுத்தது 15 சதவீதம். கடைசிக் காலாண்டுக்கு இன்னும் 6.8 சதவீதம் வேண்டும் என்று சபை கேட்டபோது, ஒக்டோபரில் அது முழுதாக நிராகரிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் மூன்று முறை, சபை எழுதிக் கொடுத்த எண் அப்படியே பில்லில் ஏறவில்லை. ‘மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டுச் சும்மா ஒரு கூட்டம் வைக்கிறார்கள்’ என்று யாழ்ப்பாணத்து உரும்பிராயில் சலித்துக்கொள்பவர்கள் இந்த மூன்றையும் கவனிக்க வேண்டும்.

ஏன் ஒரு நடுவர்?

உரும்பிராய்ச் சந்தியில் ஒரு கடையில் அரிசி விலை கட்டுப்படியாகாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்சாரத்தில் அந்த வசதி இல்லை. ஒரே ஒழுங்கையில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது வீண் செலவு என்பதால் உலகெங்கும் மின்விநியோகம் பெரும்பாலும் ஏகபோகமாகவே நடக்கிறது. போட்டி இல்லாத இடத்தில் விலைக்குக் கடிவாளம் போட ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் நியூயோர்க், விஸ்கொன்சின் மாநிலங்கள் 1907இலேயே இதற்கு ஆணைக்குழுக்களை அமைத்தன. தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பரில் கட்டணம் உயர்வதற்கு முன் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது.

இலங்கையில் மின்சார சபை 1969இல் பிறந்தது. அதைக் கேள்வி கேட்கும் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது 2002இல், 35ஆம் இலக்கச் சட்டமாக. மின்கட்டணத்தில் கைவைக்கும் அதிகாரம் அதற்குக் கிடைக்க 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது 2024இன் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்கின்றன. பெயர்ப்பலகை மாறினாலும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஆணைக்குழுவிடமே இருக்கிறது.

நடைமுறை என்ன?

முதலில் மின்சார சபை தன் வரவு செலவு மதிப்பீட்டோடு முன்மொழிவைக் கொடுக்கும். வரும் மாதங்களில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், நீர்மின்சாரம் எவ்வளவு கிடைக்கும், மீதிக்கு எவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க வேண்டும், கடனுக்கு வட்டி என்ன என்பவை அதில் இருக்கும். ஆணைக்குழு அந்த ஆவணத்தை வெளியிட்டு, எழுத்து மூலமும் கூட்டங்களில் வாய்மூலமும் கருத்துக் கேட்கும். பிறகு முடிவைக் காரணத்தோடு அறிவிக்கும்.

கணக்கில் அதிகம் ஆடும் உறுப்பு மழை. நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் செலவு இறங்கும். வரட்சி வந்தால் எண்ணெய் எரிக்க வேண்டிவரும். ஆகவே, சபை மழையைக் குறைத்து மதிப்பிட்டதா என்று கேட்பது முன்மொழிவின் அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி.

ஓர் அலகின் விலை

வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும். 2025 ஜனவரி அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மாதம் 60 அலகு பாவித்த வீட்டுக்கு முதல் 30 அலகும் 4 ரூபாப்படி 120; அடுத்த 30 அலகும் 6 ரூபாப்படி 180; நிலையான கட்டணம் 200. வரி நீங்கலாக மொத்தம் 500 ரூபா. அதே வீடு 61 அலகு பாவித்தால் கணக்கு முதலிலிருந்தே மாறிவிடும். முதல் 60 அலகும் 11 ரூபாவாகி 660. 61ஆவது அலகுக்கு 14. நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,074 ரூபா. கடைசி ஓர் அலகு 574 ரூபாவை இழுத்துக்கொண்டு வருகிறது.

செம்மண் தோட்டமும் கிணறுமாக வாழும் உரும்பிராயில் இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு போகும். வீட்டு மீற்றரிலேயே மோட்டரும் ஓடுகிற வளவுகளில், கோடையில் வாழைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இறைக்கிற இறைப்பு அந்த வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். குறைவாகப் பாவிக்கும் ஏழை வீடுகளுக்குச் சலுகை கொடுக்கவே இந்தப் படிகள் போடப்பட்டன. படி ஏறுவது நியாயம். ஓர் அலகில் பில் இரட்டிப்பாவது நியாயமா? அடுத்த கருத்துக் கேட்பில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கேட்க வேண்டிய கேள்வி இது.

பில்லில் வராத செலவு

உரும்பிராய்க்கு அயலில் இருக்கும் சுன்னாகம் இன்னொரு பாடம். போரினால் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்திருந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு எண்ணெய் எரித்தே வெளிச்சம் கண்டது. சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் அயற் கிணறுகளில் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அங்கு மின்நிலையம் நடத்திய நோதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது.

ஓர் அலகு மின்சாரத்தின் செலவுக் கணக்கில் கெட்டுப்போன கிணறு ஏறுவதில்லை. மின்நிலையம் எங்கே வருகிறது, எதை எரிக்கிறது, கழிவு எங்கே போகிறது என்பவற்றை முன்கூட்டிக் கேட்கும் பழக்கம் இருந்திருந்தால், நீதிமன்றப் படி ஏறும்வரை விடயம் வளர்ந்திருக்காது.

அரசியல் கை

ஆணைக்குழு எப்போதும் மக்கள் பக்கம் நிற்கும் என்றும் நம்பிவிட முடியாது. 2022 ஓகஸ்டில் கட்டணம் 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். அந்த இரண்டாவது உயர்வை ஆணைக்குழுவின் அப்போதைய தலைவர் ஜனக ரத்நாயக்க வெளிப்படையாக எதிர்த்தார். மற்ற உறுப்பினர்கள் அங்கீகாரம் கொடுத்தார்கள். அதே ஆண்டு மே 24 அன்று பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் கூடவே நிற்கிறது: உற்பத்திச் செலவுக்குக் குறைவாக மின்சாரம் விற்கக் கூடாது. செலவை மீட்கத்தான் வேண்டும் என்று முடிவான பிறகு, மக்கள் வாதாடக்கூடிய இடம் அந்தச் செலவு உண்மையானதா என்பதில் இருக்கிறது.

என்ன எழுதுவது?

‘சனம் கஷ்டப்படுது, விலையைக் கூட்டாதீர்கள்’ என்று ஆயிரம் பேர் எழுதினாலும் அதிகாரிகள் அதை ஒரே வரியில் பதிவுசெய்து முடிப்பார்கள். எண்ணோடு வரும் கேள்விக்கு எண்ணோடு பதில் தேட வேண்டும். ஆகவே ஓர் ஆண்டு பில்களை எடுத்து வையுங்கள். எந்த மாதத்தில் எந்தப் படியைத் தாண்டினீர்கள், இறைப்புக்கு எவ்வளவு போனது, மோட்டர் போடுகிற நேரத்தில் வோல்ட்டேஜ் விழுகிறதா என்று குறியுங்கள். தமிழிலேயே எழுதலாம்; அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

தனியாக எழுதுவதைவிடக் கமக்காரர் அமைப்போ சனசமூக நிலையமோ இருபது வளவுகளின் பில்களை ஒரே அட்டவணையாக்கிக் கொடுப்பது கனமான சாட்சி. கொழும்பில் இருந்து கணக்குப் போடுபவர்களுக்கு, குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாமல் கிணற்றை நம்பியே பயிர் நிற்கிறது என்பது தானாகத் தெரியவராது. முன்மொழிவு வெளியான பிறகு கருத்துச் சொல்லக் கிடைப்பது சில வாரங்கள்தான். அட்டவணையை இப்போதே தொடங்கினால் அந்தச் சில வாரங்கள் போதும்.