முடிச்சூர் வெள்ளமும் ஏரிப் பாசனக் குடியானவர்களின் புயற்கால முன்னேற்பாடும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிகள் நிரம்புகின்றன. கரைகள் உடைவதும் பெரும்பாலும் அம்மாதங்களிலேயே. சம்பாப் பயிர் வயலில் நிற்கும் அக்காலத்தில் புயற்செய்தி வந்தால், குடியானவர்கள் அது எந்த ஊரில் கரையைக் கடக்கும் என்றே முதலில் வினவுகின்றனர். அவ்வினா போதாது என்பதற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் சிறந்த சான்றாகும்.

வெள்ளம் வந்த வழி

2015-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி காலை 8½ மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 19 அங்குல மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கர் நிலத்தின்மீது மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் எனக் கணக்கிடலாம். அன்று புயல் எதுவும் கரை கடக்கவில்லை. ஆயினும் முடிச்சூர் நீரில் மூழ்கியது. மாறாக, 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது மரங்களைச் சாய்த்தது காற்றே. 2023 டிசம்பர் 5-ந் தேதி மிக்ஜாம் புயல் ஆந்திர தேசத்துப் பாபட்லாவுக்கருகே கரை கடந்தது. அதற்கு முன்னரே அதன் மழையால் முடிச்சூர்ப் பகுதியில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே முடிச்சூர் வெள்ளத்துக்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வேரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கருகில். முடிச்சூரோ அதற்கு மேல்புறம் உள்ளது. முடிச்சூருக்கு வரும் நீர் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் கலங்கல் வழிந்து அடையாற்றில் இறங்கும் நீரேயாகும். முன்னர் அந்நீரைத் தாங்கி நின்ற நன்செய்களிற் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன.

மாறிவரும் காலநிலை

இந்திய அரசாங்கத்தின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்து மகாசமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய 1 டிகிரி சூடேறியுள்ளது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் மிகும். ஆகையால் கனமழை மேலும் கனப்பதும், புயல்கள் விரைவில் வலுப்பதும் எதிர்பார்க்கத் தக்கவை. 2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் தாழ்வு மண்டல நிலையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளிலேயே புயலாயிற்று. எனினும் ஒவ்வொரு வெள்ளத்தையும் இம்மாற்றத்தின்மேற் சுமத்துதல் சரியன்று. 2015-ம் வருஷத்துச் சென்னை மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதில் புவி வெப்பமாதலின் பங்கைக் கண்டறிய இயலவில்லை என்றே முடிவு கூறினர். தூர்ந்த கால்வாய்க்கு வானத்தைக் குறை கூறுவதில் பயனில்லை.

மழைக்கு முன் செய்யவேண்டியவை

புரட்டாசி முடிவதற்குள் வரத்துக் கால்களையும் போக்குக் கால்களையும் தூர்வாருதல் வேண்டும். கரையில் எலி வளை, நண்டு வளை, நீர்க்கசிவு ஆகியவற்றைப் பார்த்துக் களிமண்ணிட்டு இறுக்கவேண்டும். மணல் மூட்டைகளும் சவுக்குக் கழிகளும் கரையருகே தயாராக இருத்தல் நலம்.

கலங்கலின்மேல் பலகையோ மணல் மூட்டையோ அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கோடைக்கு ஓரடி நீர் மிகும் என்பதே அதன் நோக்கம். ஆனால் பெருமழையில் நீர் கலங்கல் வழியே செல்ல இடமின்றிக் கரையையே உடைத்துவிடும். அப்போது மேலூரார் ஏரிநீரை இழப்பர். கீழூரார் பயிரையும் வீட்டையும் ஒருங்கே இழப்பர். ஆகையால் கலங்கலை அடைக்காதிருத்தல் இரு சாராருக்கும் நன்மையே.

தாழ்வான வயல்களுக்கு, இரண்டு வாரம் வரை மூழ்கினும் மீண்டும் தழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் ரகங்கள் ஏற்றவை. பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்குக் காத்திராமல் செய்துகொள்க. அதற்கு வேண்டிய அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலர்கள் காலதாமதமின்றி வழங்குவது பேருதவியாகும்.

எச்சரிக்கை வந்தபின்

வானிலை இலாகா புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. முதற்கட்டம் சுமார் 72 மணி நேரத்துக்கு முன்னரும், இரண்டாவது 48 மணி, மூன்றாவது 24 மணி நேரத்துக்கு முன்னரும் வரும். முதற்செய்தி கேட்டவுடன் முற்றிய நெல்லை அறுத்து மேட்டில் சேர்க்கவும். வயலின் வடிகால்களைத் திறந்து விடவும். யூரியா இடுவதை நிறுத்தவும். தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்குக. வாழைக்கு முட்டுக் கொடுக்கவும். கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்க. தாழ்ந்த கொட்டிலில் கட்டி வைத்தல் கூடாது. மேல் ஏரியின் கலங்கல் வழியத் தொடங்கிய செய்தியைக் கிராம அலுவலர்கள் கீழூர்களுக்கு உடனே அறிவிக்கவேண்டும். ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.

வெள்ளம் வடிந்தபின்

தேங்கிய நீரை முதலில் வடிக்கவேண்டும். பின்னர் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இவற்றைக் கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுக. நீர் நிற்கும் வயலில் உரமிடுவது வீண் செலவேயாகும்.

புயலைத் தடுக்க ஒருவராலும் இயலாது. கலங்கலும் கால்வாயும் தடையின்றி இருக்கச் செய்வது ஊராரால் இயலும். மேலூரும் கீழூரும் ஒரே ஆற்றின் நீருக்கு உரியவர்கள் என்றுணர்ந்து, ஐப்பசி பிறக்குமுன் ஒன்றுகூடி இப்பணியை முடித்தல் வேண்டும்.