இணையப் பேனர் விளம்பரம்: அளவு தெரிந்து பணம் கொடுப்போம்



நம் மஹல்லாக்களில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்வோர் இப்போது நிறைய இருக்கிறார்கள். புர்கா தைத்து விற்கும் சகோதரிகள், அத்தர் வியாபாரிகள், மசாலாப் பொடியும் ஊறுகாயும் தயாரிப்பவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களைத் தேடி வந்து, "3,000 ரூபாய் கொடுங்கள், உங்கள் பேனரை இணையத்தில் 50,000 பேர் பார்ப்பார்கள்" என்று பேசுவோரும் இருக்கிறார்கள். ரமளான் நெருங்கினால் மதரஸாக்களுக்கும் டிரஸ்டுகளுக்கும் இதே பேச்சு வருகிறது.

வட்டியில்லாக் கடனாக வாங்கிய முதலிலிருந்து போகும் 3,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. டிரஸ்டின் பணமோ பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம். ஆகவே இந்தத் தொழிலில் புழங்கும் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்துக் குர்ஆனில் தனி அத்தியாயமே (83) உண்டு. துணி வாங்கினால் மீட்டர் கோலைப் பார்க்கிறோம். அரிசி வாங்கினால் தராசைப் பார்க்கிறோம். விளம்பரம் வாங்கும்போதும் அதன் அளவுகோல் எது என்று பார்க்க வேண்டும்.

பேனர் என்பது என்ன?

தெருமுனையில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனரை அந்த வழியே போகும் எல்லோரும் பார்க்கலாம். இணையப் பேனர் அப்படியல்ல. ஓர் இணையதளத்தில் விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய இடம் 'ஸ்லாட்' எனப்படும். ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறக்கும் கணத்தில்தான் அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் என்பது பெரும்பாலும் முடிவாகிறது. பல விளம்பரதாரர்களுக்கிடையே கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம் நடத்தி முடித்துவிடும். அதனால் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திறக்கும் இருவருக்கு இரு வேறு விளம்பரங்கள் தெரியலாம். "இந்த இணையதளத்தில் உங்கள் பேனர் இருக்கிறது" என்று ஒருவர் தன் கைபேசியில் காட்டினால், எல்லோருக்கும் அது தெரிகிறது என்று பொருளல்ல.

இந்த முறை தொடங்கியது அமெரிக்காவில். 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்ட்' என்ற இணைய இதழ் ஏடி அண்ட் டி உள்ளிட்ட நிறுவனங்களின் பேனர்களை வெளியிட்டது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் ஏடி அண்ட் டி பேனரை அழுத்தியதாகச் சொல்லப்படுகிறது. அப்போது அது புதுமை. இன்று பேனர்களுக்குக் கிடைக்கும் அழுத்தம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான்.

அளவுகள்

இணையப் பேனரை அடியிலோ அங்குலத்திலோ அளப்பதில்லை. திரையின் புள்ளிகளான பிக்சலில் அளக்கிறார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். அடிக்கடி காதில் விழுபவை இவை:

- 320×50: கைபேசித் திரையின் மேலோ கீழோ வரும் மெல்லிய பட்டை.
- 300×250: கட்டுரையின் நடுவே வரும் செவ்வகம். கணினி, கைபேசி இரண்டிலும் பொருந்தும் என்பதால் அதிகம் பயன்படுகிறது.
- 728×90: கணினித் திரையில் பக்கத்தின் தலைப்பில் நீளமாக வருவது. 'லீடர்போர்டு' என்பார்கள்.
- 160×600: பக்கவாட்டில் உயரமாக நிற்பது. 'ஸ்கைஸ்கிரேப்பர்' என்று பெயர்.
- 970×250: கணினித் திரையின் அகலத்தை அடைத்துக்கொள்ளும் பெரிய பலகை.

நம் வாடிக்கையாளர்களில் அநேகர் கைபேசியில்தான் இணையம் பார்க்கிறார்கள். 728×90 பேனரை மட்டும் வடிவமைத்து வாங்கினால் அது கைபேசித் திரைக்குப் பொருந்தாது. முதலில் 320×50, 300×250 இரண்டையும் செய்து வாங்குவது நல்லது. 320×50 பட்டையில் கடையின் பெயர், ஒரு பொருள், ஒரு விலை இவ்வளவுதான் படிக்க முடியும். ஃப்ளெக்ஸ் பேனரில் போடுவதுபோல நிர்வாகிகள் படமும் நான்கு கைபேசி எண்களும் போட்டால் ஒன்றும் தெரியாது.

இடம்

கடைக்கு இடம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பேனருக்கும். பக்கத்தைத் திறந்ததும், விரலால் தள்ளாமலே கண்ணில் படும் பகுதியை 'அபவ் தி ஃபோல்டு' என்கிறார்கள். நாளிதழை மடித்து வைத்தால் மேல் பாதி மட்டும் தெரியுமே, அந்த வழக்கத்திலிருந்து வந்த சொல் இது. இந்த இடத்துக்கு விலை அதிகம். ஆனால் தலைப்பைத் தாண்டி உடனே செய்திக்குப் போய்விடுபவர்களும் உண்டு. கட்டுரையின் நடுவே, வாசகர் நின்று படிக்கும் இடத்தில் வரும் செவ்வகம் பல நேரம் கூடுதலாகப் பார்க்கப்படும்.

பக்கவாட்டு இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. கணினியில் வலப்புறம் தெரியும் அந்தப் பகுதி, கைபேசியில் பெரும்பாலும் கட்டுரை முழுவதும் முடிந்த பிறகு அடியில் போய்விடும். விற்பவர் கணினித் திரையைக் காட்டி விலை பேசினால், "இதே பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும்.

எண்ணும் சொற்கள்

*இம்ப்ரஷன்:* விளம்பரம் ஒரு முறை காட்டப்பட்டதாகக் கணக்கிடுவது. "50,000 பேர்" என்று சொல்வது பல நேரம் 50,000 இம்ப்ரஷனைத்தான். ஒருவருக்கே 5 முறை காட்டினால் 5 இம்ப்ரஷன். ஆளுக்கு 5 முறை என்றால் 50,000 என்பது 10,000 பேர்தான்.

*ரீச்:* எத்தனை தனி நபர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது. *ஃப்ரீக்வன்ஸி:* ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை காட்டப்பட்டது என்பது. இதற்கு உச்சவரம்பு வைக்கலாம்.

*வியூவபிள் இம்ப்ரஷன்:* உண்மையில் கண்ணில் படும் வாய்ப்பு இருந்த காட்சி. தொழில்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல்படி, பேனரின் பாதிப் பரப்பாவது தொடர்ந்து ஒரு விநாடி திரையில் தெரிந்திருக்க வேண்டும். 970×250 போன்ற பெரிய பேனருக்கு 30 சதவீதப் பரப்பு போதும். வீடியோவுக்குப் பாதிப் பரப்பு, இரண்டு விநாடி. வாசகர் அடிவரை போகாமலே பக்கத்தை மூடிவிட்டால், அங்கிருந்த பேனர் சாதாரணக் கணக்கில் இம்ப்ரஷனாகச் சேர்ந்திருக்கலாம். இந்தக் கணக்கில் சேராது. எடை குறைவது இந்த இடத்தில்தான்.

*கிளிக்:* பேனரை அழுத்துவது. *சி.டி.ஆர்.:* நூறு காட்சிக்கு எத்தனை அழுத்தம் என்ற விகிதம்.

*கன்வர்ஷன்:* அழுத்தி வந்தவர் நாம் விரும்பிய செயலைச் செய்வது. கடைக்கு ஆர்டர், டிரஸ்டுக்கு நன்கொடை.

*சி.பி.எம்.:* ஆயிரம் காட்சிக்கான விலை. 'எம்' என்பது ஆயிரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, மில்லியன் அல்ல. *சி.பி.சி.:* ஓர் அழுத்தத்துக்கான விலை.

ஒரு கணக்கு

இந்தச் சொற்களை வைத்து அந்த 3,000 ரூபாயைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள்.

50,000 இம்ப்ரஷனுக்கு 3,000 ரூபாய் என்றால் சி.பி.எம். 60 ரூபாய். சி.டி.ஆர். 0.2 சதவீதம் என்று வைத்தால் 100 அழுத்தங்கள். ஓர் அழுத்தத்துக்கு 30 ரூபாய். அழுத்தி வந்த 100 பேரில் 3 பேர் புர்கா வாங்குகிறார்கள். இணைய விளம்பரச் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; அதையும் சேர்த்தால் செலவு 3,540 ரூபாய். ஆக, ஒரு புர்கா விற்க விளம்பரச் செலவு மட்டும் 1,180 ரூபாய். புர்காவுக்கு 250 ரூபாய் லாபம் என்றால் மூன்றுக்கும் 750. மீதி 2,790 ரூபாய் கைநஷ்டம். நஷ்டமில்லாமல் தப்பிக்கவே 15 ஆர்டர் வேண்டும்.

விளம்பரமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒருமுறை வாங்கியவர் மீண்டும் மீண்டும் வாங்கும் பொருளாக இருந்தால் இதே கணக்கு லாபமாகலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் 500 ரூபாய்க்குச் சோதித்து, வந்த அறிக்கையைப் பார்த்து மேலே போகலாம்.

நம் பேனர் எங்கே தோன்றுகிறது?

ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவரின் பேனர் மும்பையில் காட்டப்பட்டு என்ன பயன்? கூகுள் விளம்பரத்தில் ஓர் ஊரைக் குறித்தால், அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பே இயல்பாக இருக்கும். உள்ளூர் கடைக்காரர் 'இருப்பவர்கள்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து, இடங்களின் அறிக்கை. எந்தெந்தத் தளத்தில், எந்தச் செயலியில் நம் பேனர் வந்தது என்று அதில் பார்க்கலாம். குழந்தைகள் விளையாடும் கேம் செயலிகளில் வந்திருந்தால், கிடைத்த அழுத்தங்களில் பல, விரல் தவறிப் பட்டவையாக இருக்கும். சூதாட்டம், ஆபாசம் சார்ந்த இடங்களுக்குப் பக்கத்தில் மதரஸாவின் நன்கொடைப் பேனர் தோன்றினால் அது நமக்கு அழகல்ல. அத்தகைய வகைகளையும் குறிப்பிட்ட தளங்களையும் விலக்கிவைக்க வசதி இருக்கிறது. விலக்கச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

நாம் இடம் கொடுக்கும்போது

சில பள்ளிவாசல், டிரஸ்ட் இணையதளங்கள் வருமானத்துக்காக கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரங்களுக்கு இடம் கொடுக்கின்றன. தொழுகை நேரத்தைப் பார்க்க வருபவருக்கு வட்டிக் கடன் விளம்பரமும் தெரியக்கூடும். வேண்டாத வகைகளையும் குறிப்பிட்ட விளம்பரதாரர்களையும் தடுக்கும் அமைப்பு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதை ஒருவர் பொறுப்பேற்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். முழுமையாகத் தடுக்க முடியாவிட்டால் அந்த வருமானமே வேண்டாம் என்று விட்டுவிடுவது பேணுதல்.

"நம் தளத்துக்கு வந்து விளம்பரத்தை அழுத்தி உதவுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதும் தவறு. அது ஆட்சென்ஸ் விதிக்கு எதிரானது, கணக்கு முடக்கப்படும். அதைவிட, வாங்கும் எண்ணமே இல்லாமல் அழுத்தி, முகம் தெரியாத ஒரு வியாபாரியின் பணத்தைக் கரைப்பது நமக்கு எப்படி ஆகுமானதாகும்?

நன்கொடை செலுத்தும் பக்கத்தில் பிறர் விளம்பரம் எதுவும் இருக்கவே கூடாது. கொடுக்க வந்தவர் தவறான பொத்தானை அழுத்தி வேறெங்கோ போய்விடுவார். அப்படி ஏமாந்து பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு தகவல்: கூகுள் ஆட் கிராண்ட்ஸ் திட்டத்தில், தகுதி பெற்ற அமைப்புக்கு மாதம் 10,000 டாலர் வரையிலான விளம்பரம் இலவசம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதில் சேர முடியாது. இது பணமாகக் கைக்கு வராது. கூகுள் தேடலில் வரும் எழுத்து விளம்பரத்துக்குத்தான்; பேனருக்கு அல்ல.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. நீங்கள் சொல்லும் எண் ஆட்களா, இம்ப்ரஷனா?
2. அதில் வியூவபிள் எவ்வளவு?
3. ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை முறை காட்டுவீர்கள்?
4. எந்த அளவு பேனர், கைபேசியில் எந்த இடத்தில் வரும்?
5. எந்த ஊர்கள்? எந்த வகைத் தளங்களை விலக்குவீர்கள்?
6. ஜி.எஸ்.டி.யும் உங்கள் சேவைக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
7. விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கும்? நாங்களே உள்ளே போய் அறிக்கையைப் பார்க்க முடியுமா?

ஏழாவது கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால், அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நேர்மையாகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தன் தராசு சரியாக இருப்பவர் அதை நாம் பார்ப்பதைத் தடுப்பதில்லை.

நம் சகோதர சகோதரிகளின் உழைப்பிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.