வெண்பா முதல் பலாட்ரோ வரை: நாகல் நகர் பிளேயர் போடும் மார்க்!

இரவு பத்தரை மணி. திண்டுக்கல் நாகல் நகரில் கடைகள் ஷட்டரை இறக்கியாச்சு. ஒரு மாடி அறையில் மட்டும் லேப்டாப் வெளிச்சம். ஆபீஸ் வேலைக்காக நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கிய லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஜிடிஏ மாதிரி பெரிய கேம்களைப் போட்டால் திணறும். கேமுக்கென்று ஒதுக்க முடிவது தினமும் ஒரு மணி நேரம், மாதம் சில நூறு ரூபாய். இப்படி ஒரு பிளேயரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தேடினால் தெருவுக்கு ஒருத்தராவது தேறுவார். இவருக்குக் கதவு திறந்துவிடுபவை இண்டி கேம்கள்.

இண்டி கேம் என்றால் என்ன?

பெரிய கம்பெனிகளின் கட்டுப்பாடு இல்லாமல் ஒருவரோ ஒரு சிறு குழுவோ தங்கள் விருப்பப்படி உருவாக்கும் கேம்தான் இண்டி கேம். விற்பதற்கு மட்டும் சிறிய பப்ளிஷர்கள் கைகொடுப்பது உண்டு. பல நூறு கோடி ரூபாய் போட்டு எடுக்கும் கேம் எல்லாருக்கும் பிடித்தாக வேண்டும். இண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இட்லி அவிப்பதைப் பற்றியும் கேம் பண்ணலாம், பாஸ்போர்ட்டில் சீல் குத்துவதைப் பற்றியும் பண்ணலாம்.

எந்த கேமை முடித்தாலும் நம்ம பிளேயர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: ‘இதையே படமா எடுத்திருந்தா இந்த ஃபீல் வந்திருக்குமா?’ வந்திருக்கும் என்றால் மார்க் குறையும். இந்த அளவுகோலை வைத்து அவர் ஐந்து கேம்களைப் பார்க்கும் விதம் இது.

வெண்பா: மங்கிப்போகும் தாய்மொழி

2023 ஜூலையில் வெளியான ‘வெண்பா’, டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை யோசித்து, சமைத்துக் காட்ட வேண்டியது பிளேயரின் வேலை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர்.

சமையலை விட அவரைப் பிடித்து உலுக்குவது எழுத்துதான். வெண்பா தமிழில் பேசுவது திரையில் தெளிவாகத் தெரியும். கவின் பக்கமிருந்து கேட்கும்போது அவனுக்குப் புரியாத சொற்கள் மங்கலாகிவிடும். நாகல் நகரில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் அதிகம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், ஆபீஸ் காலில் இங்கிலீஷ் என்று வளர்ந்த ஒருவருக்கு இது கனடாக் கதை அல்ல. பாட்டி சொல்வதில் பாதி புரியாமல் தலையாட்டிய நாள் ஞாபகத்துக்கு வரும்.

குறை இல்லாமல் இல்லை. புதிர்கள் ரொம்ப எளிது. ஒன்றரை மணி நேரத்தில் கேமே முடிந்துவிடும். வருடங்கள் சடசடவென ஓடுவதால் அப்பா பாவலன் மனதில் நிற்பதற்குள் கதை தாண்டிவிடுகிறது. பிரியாணி ஊர்க்காரரான இவருக்கு, திரையில் பிரியாணி வரும்போது ‘சீரக சம்பா எங்கே?’ என்று கேட்காமல் இருக்கவும் முடியாது! ஆனாலும் 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசையும் வென்றது இந்தத் தமிழ்க் குடும்பம்தான். மார்க்: 9/10

ஸ்டார்டியூ வேலி: விலையே இறங்காத சந்தை

ஆபீஸ் வேலையை உதறிவிட்டு தாத்தாவின் நிலத்தில் விவசாயம் பார்க்கப் போகும் கதை. ஐ.டி. ஊழியர்கள் டீக்கடையில் பேசும் அதே கனவு. 2016-ல் வந்த இந்த கேமின் புரோகிராம், படம், இசை என எல்லாவற்றையும் எரிக் பரோன் என்ற ஒருவரே நாலு வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து செய்தார். இதுவரை 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன.

விதைக்கிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், அறுக்கிறோம். விளைந்ததை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் காசு வந்திருக்கும். இங்கேதான் அவருக்குச் சிரிப்பு வரும். எத்தனை மூட்டை தக்காளி போட்டாலும் விலை இறங்காது. கமிஷன் கிடையாது, கிணறு வற்றாது. ‘இதை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல போய்ச் சொன்னா அடிக்க வருவாங்க’ என்பது அவர் கட்சி. விலை விழுந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது விவசாய கேம் அல்ல, விவசாயியின் ஆசை. அப்படி எடுத்துக்கொண்டால், களைத்து வரும் இரவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மார்க்: 8/10

பேப்பர்ஸ், ப்ளீஸ்: கவுன்ட்டருக்கு உள்ளே ஒரு நாள்

லூகாஸ் போப் 2013-ல் வெளியிட்டது. கற்பனை நாடான அர்ஸ்டாட்ஸ்காவின் எல்லையில் நீங்கள் ஒரு அதிகாரி. வருபவரின் ஆவணங்களைச் சரிபார்த்து ‘அனுமதி’ அல்லது ‘மறுப்பு’ சீல் குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தீர்களோ அவ்வளவுதான் அன்றைய சம்பளம். அதில்தான் வீட்டுக்குச் சாப்பாடும் குளிருக்குக் கணப்பும்.

ஒரு கட்டத்தில் கணவர் வருகிறார். பேப்பர் எல்லாம் சரி. பின்னாலேயே மனைவி, அவரிடம் ஒரு பேப்பர் இல்லை. விடலாமா? இரண்டு தவறு வரை எச்சரிக்கையோடு போகும். அதற்கு மேல் போனால் சம்பளத்தில் பிடித்தம். சான்றிதழுக்காக கவுன்ட்டருக்கு வெளியே கால் கடுக்க நின்றே பழகியவருக்கு, உள்ளே உட்கார்ந்தால் தானும் அப்படித்தான் கறாராக ஆகிவிடுவோமோ என்ற பயம் வருகிறது. படத்தில் அதிகாரியைத் திட்டிவிட்டு எழுந்து போகலாம். இங்கே சீல் இருப்பது உங்கள் கையில். மார்க்: 9/10

ராஜி: பாதியில் எரிந்த லைட்

புனேவின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் கொண்டுவந்த இந்திய கேம். அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் போகும் ராஜி என்ற பெண்ணின் கதை. ராஜஸ்தான் பாணிக் கோட்டைகள், நிழற்பொம்மைக் காட்சிகள் என்று கண்ணுக்கு விருந்து. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட நிதி சேராமல் போயும் குழு விடாப்பிடியாக நின்று முடித்த கேம் இது.

அந்த உழைப்புக்காகவே மார்க்கை அள்ளிப் போடலாமா? கூடாது என்கிறார் நம்ம பிளேயர். சண்டையில் அடி சரியாக விழாது. கதையோ, இடைவேளை என்று போட்டு லைட்டை எரியவிட்ட மாதிரி சட்டென்று நின்றுவிடும். அவரது லேப்டாப்பும் இதற்கு மூச்சு வாங்கும். பின்னர் இந்திக் குரல் சேர்த்தார்கள்.  ‘நம்ம ஊர் கேம்’ என்ற சலுகை கொடுத்தால் அடுத்த கேம் மேம்படாது. மார்க்: 6/10

பலாட்ரோ: சீட்டு உண்டு, சூது இல்லை

லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் மறைந்திருக்கும் கனடாக்காரர் தனியாளாக உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வெளியான சீட்டு கேம். போக்கர் அடுக்குகளைச் சேர்த்து மதிப்பெண் எடுக்க வேண்டும். ஆட்டத்தின் விதியையே புரட்டிப்போடும் 150 ஜோக்கர்கள் உண்டு. அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி உட்பட மூன்று விருதுகள் பெற்றது.

ஆனால் போனில் சீட்டைப் பார்த்தாலே தமிழ்நாட்டு வீடுகளில் வயிறு கலங்கும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தி அவ்வளவு படித்திருக்கிறோம். சூதாட்டத் தடைக்கு மாநில அரசு 2022-ல் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்தது. பலாட்ரோ அந்த வகை இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அவ்வளவுதான்; பணம் கட்டவும் முடியாது, ஜெயிக்கவும் முடியாது. சூதாட்ட நிறுவனங்களுக்கு இந்த கேமை ஒருபோதும் விற்கக் கூடாது என்று தன் உயிலிலேயே எழுதியிருப்பதாக அதை உருவாக்கியவர் சொல்லியிருக்கிறார்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ‘இன்னும் ஒரே ஒரு ரவுண்டு’ என்று உட்கார்ந்தால் மணி இரண்டாகிவிடும். காசு போகாது; தூக்கம் போகும். மார்க்: 8/10. அலாரம் அவசியம்.

எங்கே தொடங்கலாம்?

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்டார்டியூ வேலி, பேப்பர்ஸ் ப்ளீஸ், பலாட்ரோ மூன்றும் அதிலேயே கிடைக்கும். வெண்பாவையும் ராஜியையும் கணினியிலோ கன்சோலிலோ ஆடலாம்.

வாங்கும் முன் ஒரு விஷயம். ஸ்டீம் தளத்தில் வாங்கிய கேமை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பிளேயருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் வெண்பாவை முழுசாக ஆடிவிட்டும் காசைக் கேட்க முடியும் என்பதுதான் சிக்கல். ‘சாப்பிட்டு இலையை மூடிட்டு, கல்லாவுல காசைத் திருப்பிக் கேக்குற மாதிரி’ என்பார் நம்ம பிளேயர். பெரிய கம்பெனிக்கு அது கணக்கிலேயே வராது. நாலைந்து பேர் சேர்ந்து செய்த கேமுக்கு அடுத்த கேம் வருமா, வராதா என்பதே அதில்தான் இருக்கிறது.

எத்தனை மணி நேரம் ஓடுது என்பதை மட்டும் வைத்து விலை பேசினால் குட்டி கேம்களுக்கு இடமே இருக்காது. பாட்டியின் பேச்சு மங்கிப்போவதைத் திரையில் காட்ட ஒன்றரை மணி நேரம் போதும். அதை நினைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடுபவர், காலையில் எழுந்ததும் பாட்டியிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் போட்ட காசு வசூல்.